விலாவுக்குள் ஒரு தேன்கூட்டம்

ஊதைப்பாறையில் மூன்றாவது வருஷமாக வெள்ளைப்பனி இறங்கிய மார்கழி விடியலில், பத்துத் தேனீப் பெட்டிகளின் பூச்சிகளைச் சாகக் கொடுத்துவிட்டுப் பதினோராவது பெட்டியின் முன்னால் நின்று வானத்தைப் பார்த்து வாய்விட்டு வைதுகொண்டிருந்த பவளத்தின் வாய்க்குள், அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த கூட்டம் முழுவதும் ராணியோடு சேர்ந்து நுழைந்து, தொண்டை வழியாக இறங்கி, இடது விலாவுக்குப் பின்னால் போய்க் குடியமர்ந்தது.

அவள் வைததில் நியாயம் இருந்தது. ஏனென்றால் அவள் செய்யாதது ஒன்றுமில்லை. கார்த்திகை பிறந்ததுமே பெட்டிகளை வெயில் முதலில் விழும் கிழக்கு வரப்புக்குத் தூக்கி வைத்தாள், பூச்சி ஏறாத தேனடைகளை எடுத்துவிட்டுக் கூட்டத்தை நெருக்கமாக்கினாள், வாசலைக் களிமண் வைத்து ஒரு விரல் அகலத்துக்குக் குறுக்கினாள், மூடிக்கு அடியில் காய்ந்த புல்லைத் திணித்துப் பெட்டியைச் சுற்றிச் சாக்கைக் கட்டினாள், சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஆறவைத்துச் சிரட்டையில் ஊற்றி, பூச்சி முழுகிவிடாமல் இருக்க அதில் வைக்கோல் துண்டுகளை மிதக்கவிட்டாள். அப்படியும் முதல் குளிரில் நாற்பது பெட்டி பதினெட்டாகியிருந்தது, இரண்டாவது குளிரில் பதினெட்டு பதினொன்றாகியிருந்தது, மலைமேல் மரப்பொந்துகளில் இருந்த காட்டுக்கூட்டங்களும் அழிந்து, இரண்டு வருஷமாக ஊர்ச் சரிவில் நின்ற நானூறு பிளம்ஸ் மரங்களும் பூத்துப் பூத்துக் கொட்டினவே தவிரக் காய்க்கவில்லை.

பூண்டுக்கு மண் கொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன் சடையாண்டி, வசவு பாதியில் நின்றுபோனதைக் கேட்டு ஓடி வந்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் பவளத்தின் வசவு பாதியில் நின்று அவர் பார்த்ததில்லை.

“என்னடி, முழுங்கிட்டியா?”

“நான் எங்க முழுங்கினேன்? அதுகளாத்தான் போச்சுக.”

“கொட்டுச்சா?”

“இல்ல. இடம் பாத்துக்கிட்டு இருக்குக.”

சடையாண்டி சற்றுநேரம் அவள் முதுகில் கைவைத்துப் பார்த்தார். வெந்நீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. “சரி, காப்பி குடிக்கிறியா?” என்றார்.

“ஆறவச்சுக் குடுங்க” என்றாள் பவளம்.

ஊரில் ஒரு துணைச் சுகாதார நிலையம் இருந்தது, அதில் ஜெசிந்தா என்ற நர்ஸ் இருந்தாள். பவளத்தை உட்கார வைத்து முன்னும் பின்னும் குழாய் வைத்துக் கேட்டவள், “இது சளி இல்லக்கா. சளிக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது” என்று சொல்லி, மூன்று வேளையும் இனிப்புத் தண்ணீர், காரம் வேண்டாம், புகை பக்கம் போக வேண்டாம், இருமக் கூடாது, சத்தம் போட்டுப் பேசவே கூடாது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். கடைசி வரியை வாசித்த ஊர் ஆம்பிளைகள் பாதிப்பேர் இந்த நோய்க்காகச் சாமி கும்பிட்டார்கள். மீதிப்பேர் தங்கள் வீட்டுக்கும் வருமா என்று ஜெசிந்தாவிடம் விசாரித்தார்கள்.

பிறகு ஊர் தன்னைச் சரிசெய்துகொண்டது. பவளத்தின் தெருவில் நுழைகிறவர்கள் முனையிலேயே பீடியை அணைத்தார்கள், அவள் வீட்டை ஒட்டிய ஏழு வீடுகளில் ஈரவிறகு எரிக்கக் கூடாது என்று ஆனது, காலை பஸ்ஸில் அவளுக்கு டிரைவருக்குப் பக்கத்து இடம் ஒதுக்கப்பட்டது, ஏனென்றால் அவள் அங்கே உட்கார்ந்தால் முன்கண்ணாடியில் மூட்டம் கட்டவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து ஆளுக்கு ஒருதரம் அவள் முதுகில் காதை வைக்கச் சொன்னார், வகுப்பில் எதற்கும் வாய் பேசாத ஒரு சின்னப் பிள்ளை மட்டும் இரண்டாம் தரமும் வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள யாரோ அரிசி பொடைக்கிறாங்க” என்றது. கருப்பர் கோயில் பூசாரி அவளுக்குப் பொங்கல் கொடுக்கும்போது ஒரு கரண்டியா இரண்டு கரண்டியா என்று திணறி, கடைசியில் சட்டியையே அவள் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதைவிட முக்கியம், அவள் நின்ற இடத்தைச் சுற்றிப் பத்தடிக்கு வெள்ளைப்பனி விழவில்லை. மலைமேல் உருளைக்கிழங்குச் செடியும் பீன்ஸ் கொடியும் ஒரே விடியலில் கருகித் தொங்கிய வாரத்தில் பவளம் வீட்டுக் கொல்லை மட்டும் பச்சையாக நின்றதைப் பார்த்ததும், அறுபத்திரண்டு வீட்டுக்காரர்களும் முறை வைத்துக்கொண்டு, இன்றைக்கு என் காட்டில் வந்து உட்காரு, நாளைக்கு என் காட்டில் வந்து உட்காரு என்று அவளை விடியலில் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். முறை தப்பியதாக இரண்டு பெண்கள் ஒருத்தி கொண்டையை ஒருத்தி பிடித்தபோது, பவளம் தாழ்ந்த குரலில், “ரெண்டு பேரு காட்டுக்கும் நடுவரப்புல நாற்காலியைப் போடுங்கடி” என்றாள். குரலோடு ஒரு ரீங்காரமும் சேர்ந்து வந்ததால் அவள் என்ன சொன்னாலும் பல பேர் சேர்ந்து சொன்னதுபோல் இருந்தது, கொண்டைகள் விடுபட்டன.

ஆனால் பூச்சிகளுக்குத் தீனி வேண்டும். அவை அவளிடமிருந்துதான் தின்றன. தை பிறந்தபோது அவளுடைய வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறின, கன்னம் ஒட்டியது, நாற்காலியைத் தூக்குகிறவர்கள் இருவரிலிருந்து ஒருவரானார்கள். ஜெசிந்தா நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் வாடி, “அக்கா, ஒரு உடம்புச் சாப்பாட்டுல எத்தனை ஆயிரம் உசுரு திங்கிறது?” என்று கேட்டாள். அன்று மத்தியானம் சடையாண்டி தன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து குந்தினார்.

“துப்பிரு பவளம்.”

“துப்பினா விறைச்சுச் செத்துரும்க.”

“நீ செத்துருவியேடி.”

“பத்துப் பெட்டியைத் தெறந்து பாத்தேங்க. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணை ஒண்ணு கட்டிப் புடிச்சுக்கிட்டே செத்துக் கெடந்துச்சுக. அந்தப் பனி வந்து இதையும் குடு, இதையும் குடுன்னு கேக்கும், நான் எடுத்து நீட்டணுமா? மாட்டேன்.”

அவர் எழுந்து தள்ளி வைத்த தட்டை எடுக்கப் போனார். அவர் எப்போதுமே மேற்கொண்டு பேசுகிறவர் இல்லை, ஊர்க்கூட்டத்தில்கூடக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் நிற்பவர்.

அந்த வாரத்தில்தான் ஜம்புநாதன் மறுபடி மலையேறி வந்தார். கீழே பெரிய ஊர்களில் விடுதிகள் கட்டுகிறவர், மரியாதையான மனுஷர், யாரைப் பார்த்தாலும் முதலில் கும்பிடுவார். கையில் ஒரு பெரிய படம் வைத்திருந்தார். அதில் ஊர்ச் சரிவு இருந்தது, பிளம்ஸ் மரங்கள் இல்லை, மரங்கள் இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த அறுபது குடில்களும் நடுவில் ஒரு நீச்சல்குளமும் இருந்தன. ஊர்த்தலைவர் போசு, சடையாண்டியின் தம்பி, போன தடவை அவர் கொடுத்துவிட்டுப் போன அதே மாதிரிப் படம் ஒன்றைத் தன் வீட்டுச் சுவரில் மாட்டி இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். சரிவு ஊர்ப்பொது, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் வெட்ட முடியும். போசு கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முன்னால் ஜம்புநாதன் பவளத்தைத் தேடி வந்து கும்பிட்டார். “அம்மா, காய்க்காத மரத்துக்காக உடம்பைக் கெடுத்துக்காதீங்க. வண்டி கொண்டாந்திருக்கேன். கீழ நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, ஒரு மணி நேரத்துல எடுத்துருவாங்க.”

“எதை?”

“உள்ள இருக்கறதை.”

“உள்ள இருக்கிறது எங்க ஊருக்காரங்க” என்றாள் பவளம். “வெளியூர்க்காரரு நீங்க. அதுகளை எங்க எடுத்துட்டுப் போகப் போறீங்க?”

கூட்டத்தில் போசு நியாயமாகத்தான் பேசினார். மூன்று வருஷமாகப் பனி, இரண்டு வருஷமாகக் காயில்லை, பிள்ளைகள் எல்லாம் வேலை தேடிக் கீழே இறங்குகிறார்கள், இனிமேலும் மரத்தைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஒரேயடியாகப் பல. அப்போது பவளம் எழுந்து நின்றாள். எழுந்து நிற்பதற்கே அவளுக்கு ஜெசிந்தாவின் தோள் வேண்டியிருந்தது, ஆனால் அவள் வாயைத் திறந்ததும் மண்டபத்துத் தகரக்கூரை அதிர்ந்தது, மேசை மேலிருந்த டம்ளர்களில் தண்ணீர் வளையம் வளையமாக அசைந்தது.

“கொழுந்தனாரே, மரம் இன்னும் பூக்கவே இல்ல. பூக்காத மரத்தைக் காய்க்கலன்னு எப்படிச் சொல்றீங்க? மாசி கடைசி வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள பூத்து, பிஞ்சு நிக்கலன்னா முதல் மரத்தை நானே அறுக்கிறேன். இவ்வளவு பேரு கை தூக்குறீங்களே, அந்தக் கையாலதான மூணு வருஷம் முந்தி பழம் பறிச்சீங்க?”

“மதினி, பூச்சி இல்லாமப் பூத்து என்ன செய்ய?”

“பூச்சி இருக்கு.”

“அதைப் பொழைக்க வைக்க நீங்க இருக்கணுமே.”

“அதான் இருக்கேனே” என்றாள் பவளம்.

உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. ஜம்புநாதன் எல்லோருக்கும் கும்பிடு போட்டு, மாசி கடைசி என்று ஒரு தாளில் எழுதி, போசுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

கை தூக்கியவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஊதைப்பாறையில் எந்த வீடானாலும் பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவவும் இருமலுக்கு நக்கவும் ஒரு குப்பித் தேன் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், எல்லாமே எந்தக் காலத்திலோ பவளத்தின் பெட்டிகளிலிருந்து போனது. அன்று சாயங்காலம் தொடங்கி அந்தக் குப்பிகள் வெளியே வந்தன, பாதிக் குப்பியும் கால் குப்பியும் அடியில் சர்க்கரையாக உறைந்ததும் எறும்பு விழுந்ததும் வந்தன, கொண்டுவந்தவர்கள் வாசலில் வைத்துவிட்டு முகத்தைக் காட்டாமல் போனார்கள், போசுவின் மனைவி ராக்காயி முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து, “உங்க கொழுந்தனாருக்குத் தெரிய வேணாங்க்கா” என்று நீட்டினாள். பூச்சிகள் தங்கள் தேனைத் தாங்களே தின்று தேறின. அவளும் கொஞ்சம் தேறினாள். வளையல்கள் முழங்கையிலிருந்து பாதி தூரம் இறங்கின.

மாசி மூன்றாம் தேதி சரிவு முழுக்கப் பூத்தது. நானூறு மரமும் இலையே இல்லாமல் வெள்ளைவெளேரென்று நின்றன. ஊரே பவளத்தைக் கூட்டிக்கொண்டுபோய் மரங்களுக்கு நடுவே உட்கார வைத்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் வாயைத் திறந்தாள். ஒரு பூச்சி நாக்கின் மேல் நடந்து வந்து, கீழுதட்டில் நின்று, கொம்பை அசைத்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

மூடுபனி விலகவில்லை. அந்த வருஷம் மாசியிலும் அது விலகவில்லை, சூரியன் ஒரு பால்வட்டமாகத் தெரிந்து அப்படியே போனது, அந்தக் குளிரில் எந்தப் பூச்சியும் பறக்காது. இரண்டாம் நாளும் ஒரு பூச்சி உதடுவரை வந்து திரும்பியது, மூன்றாம் நாளும் வந்து திரும்பியது, ஐந்தாம் நாள் முதல் இதழ்கள் உதிரத் தொடங்கின. பூ பத்து நாள்தான் நிற்கும். பவளம் வாயைத் திறந்து வைத்துத் திறந்து வைத்து, தாடை வீங்கி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பத்தடி வெப்பம் அவளைச் சுற்றியிருந்த மூன்று மரங்களுக்குத்தான் எட்டியது.

எட்டாம் நாள் விடிந்ததும் கீழ் வளைவில் லாரிச் சத்தம் கேட்டது. மரம் அறுக்கும் ஆட்கள் எட்டுப் பேர் இயந்திர ரம்பங்களோடு ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஜம்புநாதனுக்கும் கணக்குத் தெரியும். பூவோடு மரம் விழுந்துவிட்டால் மாசி கடைசிவரை காத்திருந்து பார்க்க ஒன்றும் இருக்காது.

அப்போதுதான் சடையாண்டி வீடு வீடாகப் போனார். அவர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். மண்டபத்தில் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த அன்று பவளத்தின் ரீங்காரம் அப்படி ஓங்கியதே, அது அவள் கோபத்தால் மட்டும் இல்லை, அத்தனை உடம்புகளின் சூடும் அதில் இருந்தது. ஆனால் இதையெல்லாம் விளக்கிச் சொல்ல அவருக்கு வராது. ஒவ்வொரு கதவையும் தட்டி, “வாங்க, சும்மா வந்து நில்லுங்க” என்றார். “எதுக்கு மாமா?” என்று கேட்டவர்களிடம், “குளிருது, அதுக்குத்தான்” என்றார். அந்த மனுஷர் தங்கள் வாசலுக்கு வந்து வாய்திறந்து ஒன்று கேட்டதே இல்லை என்பதால், கேட்டவர்கள் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.

அறுபத்திரண்டு வீட்டு ஜனமும் சரிவில் இறங்கி மரத்துக்கு மரம் தோளோடு தோள் ஒட்டி நின்றது. பசுக்களை ஓட்டிவந்தார்கள், ஆடுகளை ஓட்டிவந்தார்கள், பூண்டு மூட்டை சுமக்கும் மட்டக்குதிரைகள் வந்தன, பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாளான ஒருத்தி பிள்ளையை மார்பில் கட்டிக்கொண்டு வந்தாள். யாரும் கோஷம் போடவில்லை, யாரும் கையில் எதையும் எடுத்துவரவில்லை, மூச்சு மட்டும் விட்டார்கள். முந்நூறு வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஆவி எழுந்து எழுந்து, மூடுபனியின் அடிப்பக்கம் முதலில் முழங்கால் உயரத்துக்கு எழும்பியது, பிறகு இடுப்பு உயரத்துக்கு, பிறகு ஆள் உயரத்துக்கு.

லாரி வந்து நின்றது. ஜம்புநாதன் இறங்கிக் கும்பிட்டார். “கொஞ்சம் நகந்துக்கங்க. ஆளுங்க வேலை பாக்கணும்.”

“நகந்தா குளிரும் சார்” என்றாள் ராக்காயி.

“மாசி கடைசின்னு பேசினது ஒரு மரியாதைக்குத்தான். தலைவரே, சொல்லுங்க.”

போசு கையில் தாளோடு ஜம்புநாதன் பக்கத்தில் நின்றிருந்தார். ஊதக்காற்று அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தது. எதிரே தன் ஊர் முழுவதும் ஒரே உடம்பாக ஆவி பறக்க நிற்பதையும், ஓரத்தில் ஒரே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி இருப்பதையும் அவர் பார்த்தார். ராக்காயியும் அதைத்தான் பார்த்தாள். “அங்க நின்னு என்ன செய்யறீங்க? இந்தச் சந்துலதான் காத்து அடிக்குது. வந்து மறைச்சு நில்லுங்க.”

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நடந்து வந்து, அந்த இடைவெளியில் நின்றார். அதற்குப் பிறகு மரம் அறுக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் அடுத்த மலைக்காரர்கள்தான், மெல்லிய சட்டையோடு லாரியின் பின்னால் நின்று வந்தவர்கள், பல் கிட்டித்துப் போயிருந்தார்கள். ஒருவன் ரம்பத்தைப் பாறை மேல் வைத்துவிட்டு, ஒரு பசுவுக்கும் பூசாரிக்கும் நடுவே உடம்பை நுழைத்துக்கொண்டு, “ஏப்பா, இங்க கதகதன்னு இருக்குப்பா” என்று மற்றவர்களைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் லாரிப் பக்கத்தில் ஜம்புநாதன் மட்டும் நின்றார்.

பவளம் கூட்டத்தின் நடுவில் இருந்தாள். விலாவுக்குள் ஏதோ ஒன்று முடிச்சவிழ்வதை உணர்ந்தாள். பிடித்துக்கொண்டிருந்த ஆயிரம் கால்கள் ஒவ்வொன்றாக விட்டன. முதல் பூச்சி உதட்டில் வந்து நின்றது, கொம்பை அசைத்தது, பறந்தது. இரண்டாவது நிற்கக்கூட இல்லை. பிறகு அவை கயிறுபோல வந்தன, பொன்னிறக் கயிறு ஒன்று அறுபடாமல் அவள் வாயிலிருந்து உருவிக்கொண்டே போய் மேலே நூறாகப் பிரிந்து மரங்களுக்குள் நுழைந்தது. அவள் தாடை சோர்ந்து விழப் பார்த்தபோது சடையாண்டி பின்னாலிருந்து இரண்டு உள்ளங்கையாலும் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், விரல்களுக்கு நடுவே பூச்சி நடந்தபோதும் எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு வரும் வரைக்கும் அது நடந்தது. அன்று வெயில் உச்சிக்கு வந்தது.

கடைசியாக ராணி, தொண்டர்கள் சூழ, அவசரமில்லாமல் வெளியே வந்து பக்கத்துக் கிளையில் ஏறிக்கொண்டது. பவளம் வாயை மூடி, எச்சில் விழுங்கி, ரீங்காரம் எதுவும் இல்லாத தன் சொந்தக் கரகரத்த குரலில், ஜம்புநாதனைப் பார்த்து முதல் வார்த்தையாகச் சொன்னாள்.

“மாசி முடிய இன்னும் இருவது நாள் இருக்கு சார்.”

அவர் கும்பிடாமல் வண்டியேறினார்.

சாயங்காலம் பூச்சிகள் திரும்பி வந்தபோது அவளிடம் வரவில்லை. கிளையில் ராணியோடு கொத்தாகத் தொங்கின. அவளே அந்தக் கொத்தைக் கையால் அள்ளிப் பெட்டியில் இறக்கி மூடினாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவளுக்குக் குளிர் எடுத்தது, உதறி உதறி எடுத்தது, கூடவே அழுகையும் வந்தது. சடையாண்டி இருந்த கம்பளியை எல்லாம் போர்த்திவிட்டு, பழக்கத்தில் அவள் முதுகில் காதை வைத்தார்.

“என்ன கேக்குது?”

“நீ மட்டுந்தான் கேக்குற” என்றார். காதை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

மாசி கடைசியில் பிஞ்சு நின்றது, உளுந்து அளவில், நானூறு மரத்திலும். வைகாசியில் பழுத்தபோது கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க ஊரில் கம்பு போதவில்லை. அந்த ஒரு கூட்டம் பூக்காலம் முடிவதற்குள் மூன்றாகப் பிரிந்து, பழக்காலத்தில் ஏழாகி, கிழக்கு வரப்பில் ஏழு பெட்டிகள் நின்றன. ஐப்பசி மழை ஓய்ந்து காற்று வடக்கிலிருந்து திரும்பியதும் போசு ஊர்க்கூட்டம் போட்டார், பவளத்தை முன்வரிசையில் உட்கார வைத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு மரியாதையாக ஆரம்பித்தார். இந்த வருஷமும் பனி உண்டு என்று சொல்கிறார்கள், ஜம்புநாதன் பக்கத்து மலையில்தான் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏழு கூட்டம் ஒரு உடம்புக்குள் கொள்ளுமா, மதினியின் உடம்பு தாங்குமா, ஊர் அவளுக்கு என்ன செய்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மண்டபம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

பவளம் தலையை நிமிர்த்தி, முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரைக்கும் ஒவ்வொரு முகமாக, அவசரப்படாமல் பார்த்துக்கொண்டே போனாள்.

“ஏன், உங்களுக்கெல்லாம் வாய் இல்லையா?” என்றாள்.

கடைசி வரிசையில் தூணை விட்டு வெளியே வந்து சடையாண்டி கையைத் தூக்கினார். முன்னால் உட்கார்ந்திருந்த ராக்காயி தூக்கினாள். போசு தன்னை அறியாமலே வாயைத் திறந்து, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று நாக்கால் துழாவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.